ஒரு சிவப்புத் துண்டு. மூன்று வார உழைப்பு போச்சு!

தாம்பரம் பக்கம் வெட்டுத் துணிப் போர்வை தைக்கும் பெண்கள் படும் பாடு

பக்கெட் தண்ணீர் சிவந்து கிடக்கும். பார்த்தால் கொலை நடந்த இடம் போல இருக்கும்.

யாரும் சாகவில்லை. செத்தது ஒரு போர்வை!

வெள்ளை, மஞ்சள், பூப்போட்டது, கோடு போட்டது என்று 216 துண்டுத் துணிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தைத்த போர்வை அது. வீட்டு வேலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மதியத்தில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் மிஷின் மிதித்தால் மூன்று வாரம் ஆகும். முதல் தடவை தண்ணீரில் போட்டதும், நடுவில் இருந்த ஒரே ஒரு சிவப்புத் துண்டு சாயத்தைக் கக்கிவிடும். சுற்றி இருந்த எட்டுக் கட்டமும் ரோஸ் கலர்! ஆர்டர் கொடுத்தவர் வாங்குவாரா? வாங்க மாட்டார். கொடுத்த அட்வான்சையும் திருப்பிக் கேட்பார்.

குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர், பம்மல் என்று தென்புறநகரில் வீட்டுக்குள் தையல் மிஷின் வைத்திருக்கும் தாய்மார்களிடம் பேச்சுக் கொடுத்தால், இந்த 'சாயக் கொலை' பற்றிப் பேசாதவர் இருக்க மாட்டார்.

துணி எங்கிருந்து வருகிறது?

தாம்பரம் சானட்டோரியம் ரெயில் நிலையத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டினால் 'மெப்ஸ்'. 1984-ல் ஏற்றுமதி வளாகமாகத் தொடங்கப்பட்டது. 2003-ல் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. பரப்பு 262 ஏக்கர். ரெடிமேட் உடை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிகளும் அங்கே வந்தன. அந்த மாதிரி கம்பெனிகளில் 'லைனில்' உட்கார்ந்து காலர் மட்டும், கை மட்டும் என்று தைத்துப் பழகிய பெண்கள் இந்தப் பக்கம் ஏராளம். கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, வேலையை விட்டாலும் கை சும்மா இருக்குமா?

சட்டை வெட்டும்போது துணி முழுதும் சட்டை ஆவதில்லை. நூறு மீட்டர் வெட்டினால் பத்து முதல் பதினைந்து மீட்டர் வரை வெட்டுத் துணியாகப் போகும் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. கைக்குழி வெட்டிய இடத்தில் பிறை நிலா மாதிரி ஒரு துண்டு. காலர் பக்கத்தில் நீள நாடா. தெருமுனை டெய்லர் கடையிலும் இதே கதைதான். ரவிக்கைத் துணியில் மிஞ்சியது மூட்டையில் போகும். மூட்டை குப்பையில் போகும். அந்தக் குப்பை என்ன ஆகும் என்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பை மேடு பற்றி எரிந்து, நாள் கணக்கில் புகைந்து, சுற்று வட்டாரமே மூச்சுத் திணறியதே!

அந்த மூட்டையைத்தான் சில பெண்கள் வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள்.

மாமியார் ஆட்சேபம்

மூட்டை வாசலுக்கு வந்ததும் வீட்டுக்கு வீடு நடக்கும் பேச்சு இது:

"ஏம்மா, ஒரு நல்ல போர்வை வாங்க நமக்கு வக்கில்லையா? கிழிசலைச் சேர்த்துத் தச்சா தரித்திரம்னு நாலு பேர் சொல்வாங்க."

"இது கிழிசல் இல்ல அத்தை. புதுத் துணி. வெட்டினதுல மிஞ்சினது."

"எதுவா இருந்தா என்ன, ஒட்டு ஒட்டுத்தானே?"

"உங்க பழைய புடவையிலதானே அத்தை இவனுக்குத் தூளி கட்டினோம்? அப்போ தரித்திரம்னு சொல்லலையே!"

மாமியார் வாயைத் திறக்க மாட்டார். ஆனால் மறுநாள் பரணில் இருந்து மாமனாரின் பழைய வேட்டி இரண்டு கீழே வரும். "நடுவுல வைக்கிறதுக்கு ஆகுமா பாரு" என்பார்.

ஆகும். நன்றாகவே ஆகும். அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் சோதனை: தீக்குச்சி

மூட்டையைப் பிரித்ததும் எல்லாத் துணியையும் கலந்து தைத்துவிடக் கூடாது. பனியன் துணி இழுத்தால் நீளும். பக்கத்துத் துணி நீளாது. சேர்த்துத் தைத்தால் போர்வை அப்பளம் மாதிரி நெளியும். பாலியஸ்டர் தண்ணீரில் சுருங்காது, பருத்தி சுருங்கும். இரண்டும் ஒரே வரிசையில் இருந்தால் நாலு தடவை தோய்த்த பின் ஒன்று உப்பிக்கொண்டு நிற்கும்.

எது பருத்தி, எது பாலியஸ்டர் என்று தெரிவது எப்படி? ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்ட வேண்டும். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, கருப்பு மணி மாதிரி உருண்டு நிற்கும். தடயவியல் நிபுணரைக் கூப்பிட வேண்டியதில்லை! கெரோசின், கேஸ் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குற்றவாளியைப் பிடிப்பது எப்படி?

அடுத்தது சாயச் சோதனை. கருஞ்சிவப்பு, கருநீலம், கருப்பு ஆகிய மூன்றும் எப்போதும் சந்தேக லிஸ்டில் இருக்க வேண்டியவை. துண்டை நனைத்து, வெள்ளைத் துணி மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்த வேண்டும். வெள்ளையில் நிறம் இறங்கினால் கையும் களவுமாகப் பிடிபட்டது என்று அர்த்தம். அந்தத் துண்டைத் தண்ணீர் தெளிகிற வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். ஐந்தாறு அலசலுக்குப் பிறகும் கக்கினால் கரித்துணிக்கு அனுப்ப வேண்டியதுதான். பாவம் பார்க்கக் கூடாது.

"கல் உப்புப் போட்டு ஊற வைத்தால் சாயம் நிற்கும்" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். உப்பு உதவுவது உண்மைதான். ஆனால் அது சாயப் பட்டறையில், துணிக்குச் சாயம் ஏற்றும்போது. கடைக்கு வந்த பிறகு உப்பைக் கொட்டுவதால் பெரிய லாபம் இல்லை. துணியில் ஒட்டாமல் மிஞ்சி நிற்கும் சாயம் வெளியே போயே ஆக வேண்டும். போர்வையில் போகாமல் பக்கெட்டில் போகட்டும் என்பதுதான் விஷயம்.

சாயம் போனதே பெருமை!

சாயம் போவதையே விற்றுக் காசாக்கிய கதையும் உண்டு. அதுவும் நம் மெட்ராஸ் பெயரில்!

1958-ல் நடந்தது. வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி வியாபாரி பம்பாய்க்கு வந்தார். கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி வாங்கினார். பின்னாளில் லீலா ஓட்டல்களைத் தொடங்கினாரே, அதே கிருஷ்ணன் நாயர்தான். "இந்தத் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் தனியாக, மெதுவாகத் தோய்க்க வேண்டும்" என்று சொல்லித்தான் கொடுத்தாராம். அமெரிக்கர் அதைக் கடைக்காரரிடம் சொல்ல மறந்தார். நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடை சட்டையாகத் தைத்து விற்றது. வாங்கியவர்கள் வாஷிங் மிஷினில் போட்டார்கள். சாயம் ஓடியது. வக்கீல்கள் கிளம்பினார்கள்.

கோர்ட்டுக்குப் போக வேண்டிய விவகாரம். ஆனால் நடந்தது வேறு. ஒரு பத்திரிகையில், "தோய்க்கத் தோய்க்க நிறம் மாறும் இந்திய அதிசயத் துணி" என்ற ரீதியில் எழுத வைத்தார்கள். அவ்வளவுதான், கிராக்கி பிய்த்துக்கொண்டு போனது. 'சாயம் போகும் என்பதற்குக் கியாரண்டி' என்று விளம்பரமே வந்தது! துணி உலகில் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை இது. அந்தக் கட்டத் துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுப் போட்டுத் தைத்த கோட்டும் கால்சட்டையும் அமெரிக்கப் பணக்காரர்களின் கோடைக்கால உடுப்பாயிற்று. நம் ஊரில் ஒட்டுப் போட்ட கால்சட்டையுடன் ஒருவர் தெருவில் போனால் என்ன சொல்வோம்? அங்கே அதற்குத் தனி விலை.

தாம்பரத்துப் பெண்களுக்கு அந்தக் கியாரண்டி செல்லாது. இங்கே சாயம் போனால் பணம் வாபஸ்தான்.

அனகாபுத்தூர் கட்டம்

மெட்ராஸ் கட்டத் துணிக்கு இந்தப் பக்கத்திலேயே ஒரு சொந்தக்கார ஊர் உண்டு. பல்லாவரத்தில் இருந்து குன்றத்தூர் போகும் வழியில், அடையாற்றங்கரை அனகாபுத்தூர். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது அதில் சேர்ந்த ஊர். இங்கே நெய்த 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப்' ஆப்பிரிக்காவின் நைஜீரியா வரை போனது. ஹேண்ட்கர்ச்சீப் என்றால் மூக்கு துடைக்கும் சமாச்சாரம் அல்ல. அங்கே பெண்கள் இடுப்பில் சுற்றவும் தலையில் கட்டவும் பயன்படுத்திய கட்டத் துணி. 1970-களில் நைஜீரியா துணி இறக்குமதிக்குத் தடை போட்டதும் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மிச்சம் இருந்த நெசவாளர்களில் சிலர் வாழை நார், கற்றாழை நார் என்று புது வழி தேடினார்கள்.

நைஜீரியாவில் கலபாரி என்ற இனத்துப் பெண்கள் இந்த மெட்ராஸ் துணியை வைத்து ஒரு வேலை செய்தார்கள். கட்டம் பிடிக்கவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? வேறு துணி ஒட்டுவோம். அவர்களோ, நெய்த துணியில் வேண்டாத நூலை மட்டும் பிளேடால் அறுத்து உருவி எடுத்தார்கள். புது டிசைன் வந்துவிட்டது! ஒட்டிச் செய்வதற்குப் பதில் உருவிச் செய்த வேலை. மிகப் பொறுமை வேண்டும். தாம்பரத்தில் யாரும் இதை முயற்சி செய்யாமல் இருப்பதே கண்ணுக்கு நல்லது.

வீசம் அங்குலம் செய்யும் வில்லங்கம்

சரி, துணி தேர்ந்தாயிற்று. இனி வெட்டு. இங்கேதான் கணக்கு வருகிறது. குமாஸ்தாக்கள் கவனிக்கவும்!

ஒற்றைக் கட்டிலுக்கு 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம் என்று வைப்போம். தைத்த பிறகு ஒரு கட்டம் 5 அங்குலம் வர வேண்டும். நாலு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும். ஆக, வெட்ட வேண்டியது ஐந்தரை அங்குலம். அகலத்தில் 12 கட்டம், நீளத்தில் 18 கட்டம். பெருக்கினால் 216.

கால் அங்குலத் தையல் கொஞ்சம் தவறி, பக்கத்துக்கு ஒரு வீசம் கூடுதலாக உள்ளே போய்விட்டது என்று வையுங்கள். வீசம் என்றால் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு கட்டத்துக்கு இரண்டு பக்கம். அரைக்கால் அங்குலம் போச்சு. பன்னிரண்டு கட்டத்துக்கு ஒன்றரை அங்குலம் போச்சு! ஒரு வரிசை 60 அங்குலம், அடுத்த வரிசை ஐம்பத்தெட்டரை. சேர்த்துத் தைக்கும்போது மூலைக்கு மூலை இடிக்கும். இழுத்துப் பிடித்துத் தைத்தால் சுருக்கம். "மிஷின் சரியில்லை" என்று மெக்கானிக்கைத் திட்டுவது இந்த இடத்தில்தான். மிஷின் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

இதற்கு மிஷின் மேலேயே பரிகாரம் உண்டு. ஊசியில் இருந்து சரியாகக் கால் அங்குலம் தள்ளி, கீழ்த்தட்டில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வார்கள். துணி ஓரம் அதை உரசிக்கொண்டே போக வேண்டும். செலவு ஒரு ரூபாய் கூட ஆகாது.

தையல் மடிப்புகளை இஸ்திரி போடுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. முதல் வரிசை மடிப்பு இடது பக்கம் சாய்ந்தால், அடுத்த வரிசை வலது பக்கம் சாய வேண்டும். அப்போது மூலைகள் பூட்டிக்கொள்ளும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் நாலு மடிப்பும் ஒரே இடத்தில் குவிந்து மேடு தட்டும். ஊசி அந்த மேட்டில் ஏறும்போது 'டக்'. ஊசி உடையும். துணுக்கு எங்கே தெறித்தது என்று வீடு முழுக்கத் தேட வேண்டும், குழந்தை தவழும் வீடானால் கேட்கவே வேண்டாம்.

மொத்தம் எவ்வளவு தையல் தெரியுமா? வரிசைக்குள் 198 குட்டித் தையல், வரிசைகளைச் சேர்க்க 17 நீளத் தையல். கூட்டினால் சுமார் 175 அடி. தாம்பரம் – பீச் மின்சார ரெயிலில் இரண்டரைப் பெட்டி நீளம்! இது மேல் துணிக்கு மட்டும்.

சிவப்பும் சிவப்பும் பக்கத்தில் வந்தால்...

தைப்பதற்கு முன் எந்தத் துண்டு எங்கே என்பது பெரிய தலைவலி. எண்ணி எண்ணி அடுக்கியும் இரண்டு சிவப்பு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு மூலை மட்டும் இருட்டாகிவிடும்.

மொட்டை மாடியில் சாயங்காலம், காற்றில்லாத நேரத்தில் எல்லாவற்றையும் பரப்பிப் பார்க்கிறார்கள். நின்று பார்த்தால் போதாது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் பார்க்க வேண்டும். அல்லது கண்ணைப் பாதி மூடிப் பார்க்க வேண்டும். பூ, கோடு எல்லாம் மறைந்து வெளிச்சம், இருட்டு மட்டும் தெரியும். இப்போது செல்போன் வந்துவிட்டது. ஒரு போட்டோ எடுத்து அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றினால் எந்த மூலை கனக்கிறது என்று பளிச்சென்று காட்டிவிடும். பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் ஊக்கு குத்தி, நம்பர் எழுதி வைக்க வேண்டும். நம்பர் எழுதாமல் அடுக்கி வைத்து, பூனை கலைத்துவிட்டுப் போன கதையெல்லாம் உண்டு.

லுங்கித் துண்டு, சட்டைத் துண்டு மாதிரி கட்டம் போட்ட துணிகளுக்குத் தனிப் பிரச்சினை. ஒன்றின் கோடு மற்றதன் கோட்டோடு சேராது. பார்த்தால் கண் கூசும். நடுவில் ஒன்றரை அங்குல அகலத்துக்கு ஒரே நிறப் பட்டி கொடுத்துப் பிரித்துவிட்டால் சண்டை தீர்ந்தது. வாய்க்கால் வரப்பு மாதிரி! துணி போதவில்லை என்றாலும் இதே பட்டிதான் கைகொடுக்கும்.

சதுரமே வெட்ட முடியாத நாடாத் துண்டுகளுக்கும் வழி இருக்கிறது. நடுவில் ஒரு சிறு சதுரம் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றி நாடாக்களைத் தைத்துக்கொண்டே போக வேண்டும். வெள்ளைக்காரர்கள் மரவீட்டுக் கட்டம் என்று சொல்லும் டிசைன் அது. காலர் வெட்டிய மிச்சம் எல்லாம் இதற்குள் அடங்கும்.

ஓரத்தில் தொடங்கும் சித்திப் பெண்கள்

கணக்கே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் வடகன்னட மாவட்டத்து எல்லாப்பூர், ஹளியாள் காடுகளில் சித்தி இனத்தவர் வாழ்கிறார்கள். நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் இருந்து வந்தவர்களின் வம்சம். அந்தப் பெண்கள் தைக்கும் ஒட்டுப் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். ஒரு பழைய புடவையை விரித்து, ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை வைத்து வைத்துக் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டபடி உள்ளே உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். ஸ்கேல் கிடையாது, சாக்பீஸ் கிடையாது. முடிந்ததும் நாலு மூலையிலும் மடித்த துணியில் பூ வைத்துத் தைப்பார்கள். அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக நிற்பதாகச் சொல்வார்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் 'ஜீஸ் பெண்ட்' என்று ஒரு பருத்திக்காட்டு ஊர். அங்கே ஏழைக் கருப்பினப் பெண்கள், வயலில் உழைத்துக் கிழிந்த கால்சட்டைகளை வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். சுவர் ஓட்டையில் காற்று வராமல் தடுக்கக்கூடத் தொங்கவிட்டார்கள். அந்தப் போர்வைகள் 2002-ல் நியூயார்க் மியூசியத்தில் தொங்கின. 2006-ல் அமெரிக்கத் தபால் துறை 10 தபால்தலை வெளியிட்டது.

சென்னையிலும் 2019 ஜனவரியில் இந்தியப் போர்வைத் தையல் திருவிழா என்று கண்காட்சி நடந்தது.

வேட்டி போதும், பஞ்சு வேண்டாம்

இப்போது மாமனார் வேட்டிக்கு வருவோம். வெளிநாட்டு முறைப்படி மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவில் பஞ்சுத் தகடு வைக்க வேண்டும். தாம்பரத்தில் அதைப் போர்த்திக்கொண்டு படுத்தால் மார்கழியிலும் வியர்க்கும். ஐப்பசி மழையில் நனைந்தால் மூன்று நாள் காயாது, நாற்றம் வேறு. பழைய வேட்டியோ நூல் புடவையோ ஒன்று இரண்டு மடிப்பு வைத்தால் போதும். வங்காளத்துப் பெண்கள் 'காந்தா' போர்வைக்குக் காலம் காலமாகப் பழைய புடவையைத்தான் அடுக்கினார்கள். பழைய துணிக்கு இன்னொரு லாபம்: சுருங்க வேண்டியது எல்லாம் ஏற்கெனவே சுருங்கிவிட்டது.

மூன்றையும் அடுக்கி, நடுவில் இருந்து வெளிப்பக்கமாக ஊக்கு குத்திக்கொண்டு வர வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் சுருக்கம் நடுவில் மாட்டிக்கொள்ளும். வீட்டு மிஷினில் ஊசிக்கும் தூணுக்கும் இடையே ஒரு சாண் இடம் கூட இல்லை. போர்வையை இரண்டு பக்கமும் பாய் மாதிரி சுருட்டி, ஒரு சுருளை அந்த இடுக்கில் நுழைத்துத் தைப்பார்கள். இடுப்பு வலி இந்தக் கட்டத்தில்தான் வரும். பலர் இதை மட்டும் கையால் தைத்துவிடுகிறார்கள். அது அழகும் கூட.

விலை கேட்டால் வாய் அடைக்கும்

துணி இலவசம், நூல் செலவு கொஞ்சம். ஆனால் மூன்று வார உழைப்புக்கு எவ்வளவு கேட்பது? கேட்டால், "சண்முகம் ரோட்டில் இதே மாதிரி பெட்ஷீட் இதில் கால்வாசி விலைக்குக் கிடைக்குதே" என்கிறார்கள்.

இங்கே ஒரு தில்லுமுல்லு உண்டு. ஒட்டுப் போட்டது போலவே அச்சடித்த துணி சந்தையில் நிறைய இருக்கிறது. தையல் கோடு, நூல் எல்லாம் கூட அச்சில் வரும்! திருப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கட்டத்தின் ஓரத்தில் நகத்தால் தடவினால் மடிப்பு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் அது வெறும் படம்.

சாயம் ஓடிவிட்டதா?

எல்லாம் செய்தும் தண்ணீர் சிவந்துவிட்டால்? முதலில், காயப் போடக் கூடாது. வெயில் பட்டாலும் இஸ்திரி பட்டாலும் கறை பிடித்துக்கொள்ளும். பெரிய அண்டாவில் கை பொறுக்கும் சூட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி, சோப்புத்தூள் போட்டு, போர்வை முழுதும் மூழ்கும்படி இரவு முழுக்க ஊற வைக்க வேண்டும். தண்ணீர் நிறம் மாறினால் கொட்டிவிட்டு மறுபடியும் ஊற வைக்க வேண்டும். மூன்று, நான்கு தடவை ஆகலாம். பருத்தியாக இருந்தால் பெரும்பாலும் ரோஸ் கலர் இறங்கிவிடும். குடம் பத்து ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கும் தெருவில் இது எவ்வளவு பெரிய செலவு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே துணி வாங்கும் இடத்திலேயே உஷாராக இருப்பதுதான் லாபம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர்கள் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துக் கையோடு கொண்டு போகலாம். சிவப்பு, நீலத் துண்டு மேல் வைத்து நாலு தேய் தேய்க்க வேண்டும். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.